புது ரீஃப் தொட்டியில் பாசி ஏன் இவ்வளவு ஆட்டம் போடுகிறது?

ரீஃப் தொட்டி என்றால் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. உப்புநீர் கலந்து, கல் அடுக்கி, அமோனியா ஏறி இறங்கி, முதல் மீனை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்த மணல்மேல் செம்மண் புழுதி படிந்ததுபோல ஒரு பழுப்புப் படலம் தெரியும். சாயங்காலம் மணலைக் கிளறிவிட்டால் காணாமல் போகும். மறுநாள் விளக்கு எரிய ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த மாதம் கல் உச்சியில் பச்சை முடி. அப்புறம் நீரோட்டம் குறைந்த மூலையில் கருஞ்சிவப்பில் வழவழவென்று ஒரு போர்வை. தொட்டி வளர்ப்பவர்கள் இதற்கு ‘அக்லி ஸ்டேஜ்’, அசிங்கமான கட்டம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பலர் தொட்டியை விற்றுவிட முடிவெடுப்பதும், மற்றவர்கள் பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்கத் தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பாசி வந்தால் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, ‘நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடிவிட்டது, குறை’ என்பது. தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. பாஸ்பேட் 0.1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், நைட்ரேட் 15 பிபிஎம் என்று ஓடுகிற ஐந்து வருடத் தொட்டிகள் பளிச்சென்று இருக்கின்றன. அதில் கால்வாசிகூட இல்லாத மூன்று மாதத் தொட்டி புல்தரையாகக் கிடக்கிறது. தண்ணீர்தான் காரணம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? வித்தியாசம் கல்லின் மேல்தோலில் இருக்கிறது. பழைய தொட்டியின் கல்லில் நகம் அளவு இடம்கூடக் காலியாக இருக்காது. பாக்டீரியாப் படலம், கோரலைன் என்ற ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி, பஞ்சுயிரிகள், குழாய்ப்புழுக்கள், பவளத்தின் அடிப்பாகம் என்று யாராவது குடியிருப்பார்கள். புதுத் தொட்டியில் எல்லாமே புறம்போக்கு. உழுது போட்டுவிட்டு விதைக்காமல் விட்ட நிலத்தில் களைதான் முளைக்கும். இங்கே அந்தக் களைக்குப் பெயர் பாசி.

இந்தக் காலியிடப் பிரச்சினை இப்போது முன்பைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் தன் முறையை எழுதியபோது, கடலிலிருந்து நேராக எடுத்த உயிருள்ள கல்லைத்தான் தொட்டிக்குள் வைத்தார். அந்தக் கல்லோடு ஆயிரக்கணக்கான குடித்தனக்காரர்களும் சேர்ந்தே வந்தார்கள். இன்று பலர் உலர்ந்த கல்லில் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாத பூச்சிகள் வராது, கடலிலிருந்து கல்லைப் பெயர்க்கவும் வேண்டாம். நல்ல காரணங்கள்தான். ஆனால் உலர்ந்த கல் என்பது வெறும் கல். அதில் முதலில் யார் வந்து இடம்பிடிக்கிறார்கள் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

‘சைக்கிள் முடிந்துவிட்டது, இன்னும் ஏன் பாசி?’ என்ற கேள்வியும் இங்கிருந்துதான் வருகிறது. நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் அந்தச் சுழற்சியில் நிலைபெறுவது ஒரே ஒரு வேலையைச் செய்யும் நுண்ணுயிர்க் கூட்டம். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் கூட்டம் அது. அவர்கள் வந்துவிட்டால் மீன் சாகாது, அவ்வளவுதான். நைட்ரேட்டைத் தின்று தீர்ப்பது, கழிவைப் பொடியாக்குவது, இடத்தைப் பிடித்துக்கொண்டு பாசியை ஒதுக்குவது எல்லாம் வேறு ஆட்களின் வேலை. அவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். பாசிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு சாப்பாடு?

முதலில் வரும் பழுப்புப் புழுதி டயாட்டம். கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர். அந்த ஓடு கட்ட அதற்குச் சிலிக்கேட் வேண்டும். புது மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் கசியும் சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். இதற்காக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் போகவில்லை என்றால், சிலிக்கேட் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஊற்றும் தண்ணீர் வழியாகத்தான் வரும்.

ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆவியாகிப் போவது சுத்தமான நீர் மட்டும். அதில் கரைந்தவை எல்லாம் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் தினமும் 4 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊற்றும் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் 10 பிபிஎம் இருந்தால், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் உள்ளே போகிறது. தொட்டிக் கணக்கில் 0.2 பிபிஎம். மாதம் முடிவில் 6 பிபிஎம், அதுவும் ஒரு மீனுக்குக்கூடச் சாப்பாடு போடாமல்! சிலிக்கேட்டுக்கும் இதே கணக்குதான். ஆர்.ஓ. சவ்வுக்குப் பிறகு, மிஞ்சிய அயனிகளையும் பிடிக்கும் டி.ஐ. பிசினும் இருக்கிற வடிகட்டியும், கரைந்திருப்பதை அளந்து கடைசியில் பூஜ்யம் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரும் ஆடம்பரம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். மீட்டர் பூஜ்யத்தைவிட்டு ஏற ஆரம்பித்தால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அடுத்தது தீவனம். உலர் தீவனத்தின் எடையில் சுமார் ஒரு சதவீதம் பாஸ்பரஸ் என்று கொள்ளலாம். ஒரு கிராம் தீவனத்தில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது 30 மில்லிகிராம் பாஸ்பேட். அது முழுக்க 200 லிட்டரில் கரைந்தால் 0.15 பிபிஎம். இரண்டு சின்னக் கோமாளி மீன்களுக்கு ஒரு கிராம் ஒரு வாரத்துக்கு மேல் தாராளமாக வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களோ, மீன் ஓடி வந்து வாயைத் திறக்கும் அழகில் மயங்கி, அதை இரண்டே நாளில் போட்டுத் தீர்த்துவிடுவார்கள். உறைந்த தீவனத்தைக் கழுவிப் போட்டால் பாஸ்பேட் குறையும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கழுவலாம், கெடுதல் இல்லை. ஆனால் கழுவும் நீரில் போவது சொற்பம், மீதி எல்லாம் இறைச்சிக்குள்ளேயே இருக்கிறது. கழுவுவதைவிட அளவாகப் போடுவதுதான் கணக்கில் வரும்.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது, அதுதான் கல். சுண்ணாம்புக் கல்லான கால்சியம் கார்பனேட்டின் மேற்பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். நீரில் அளவு கூடினால் கல் இழுத்து வைத்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பி விடும். ஏற்கெனவே பாஸ்பேட் ஏறிய உலர்கல்லை வாங்கி வைத்தவர்கள் தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் இரண்டு நாளில் அளவு பழைய இடத்துக்கே வருவது இந்தக் கொடுக்கல்வாங்கலால்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லில் வேர்விட்டதுபோல் ஒட்டியிருக்கும் பாசி, கல்லை விட்டு வெளியேறும் பாஸ்பேட்டை அங்கேயே பிடித்துத் தின்றுவிடும், அது தண்ணீருக்கு வந்து சேரவே சேராது.

அதனால்தான் கல் முழுக்கப் பச்சையாக இருக்கும்போது சோதனைக் குழாயில் பூஜ்யம் தெரிகிறது. ‘பாஸ்பேட் இல்லை, ஆனாலும் பாசி’ என்று குழம்ப வேண்டியதில்லை. தண்ணீரில் எஞ்சியிருப்பதைத்தான் நாம் அளக்கிறோம். பாசியின் வயிற்றுக்குள் போனதை எந்தக் கருவியும் காட்டாது. அளக்கும்போது இன்னொரு குழியிலும் பலர் விழுகிறார்கள். சில எண்ணியல் கலர்மீட்டர்கள் பாஸ்பேட்டைக் காட்டுவதில்லை, பாஸ்பரஸை பிபிபி அளவில், அதாவது பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் காட்டும். திரையில் 30 என்று வந்தால் அது 0.03 பிபிஎம் பாஸ்பேட் அல்ல. 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும், அதாவது 0.09. மூன்று மடங்கு வித்தியாசம்.

முடியும் பிரஷ்ஷும்

பச்சை முடிப்பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே இனம் அல்ல. டெர்பீசியா, கிளடோஃபோரா என்று பல வகைகள் இருக்கின்றன. நமக்கு அந்தப் பெயர்களைவிட அதன் நடத்தைதான் முக்கியம். குளத்தில் பாசியைக் கையால் ஒதுக்கித் தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும், கை பட்ட இடத்தில் விலகும், கையை எடுத்ததும் வந்து மூடிக்கொள்ளும். தொட்டியிலும் அதேதான். ஒருமுறை பிடுங்கிவிட்டு ‘திரும்ப வந்துவிட்டதே’ என்று கைவிடுகிறவர்கள் அதை ஒரு நாள் வேலையாக நினைத்தவர்கள். இது வாராவாரம் களையெடுக்கும் வேலை.

எப்படி எடுக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, அதன் முடிப்பக்கத்தை ஒட்டியே மெல்லிய சைஃபன் குழாயின் வாய் வருமாறு இரண்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். குழாயின் மறுமுனை வாளியில் இருக்கட்டும். பம்புகளை நிறுத்திவிட்டு நீரை இழுக்கவிட்டுத் தேய்த்தால், பெயர்ந்து வரும் இழை மிதக்க நேரமில்லாமல் அப்படியே குழாய்க்குள் போய்விடும். பத்து லிட்டர் வாளி நிறைவதற்குள் ஒரு கல்லை முடிக்கலாம். இப்படிச் செய்யாமல் வெறுமனே தேய்த்துவிட்டால், அறுந்த துண்டுகள் நீரோட்டத்தில் போய் வேறு கல்லில் ஒட்டும், மீதி அழுகித் தின்ற சத்தையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். வெளியே எடுக்க முடிகிற கல்லாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாளி உப்புநீரில் வைத்துத் தேய்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். அந்த வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். முடிப்பாசி வெறும் பாசி அல்ல, அழுக்கைச் சிக்கவைக்கும் வலை. தன் காலடியிலேயே எருக்குழி வெட்டி வைத்துக்கொண்டு வளர்கிறது.

இதைச் செய்துவிட்டுத்தான் நத்தையை நம்ப வேண்டும். இரண்டு விரல் நீளத்துக்கு வளர்ந்த முடியை ஏறெடுத்தும் பார்க்காமல் நத்தை பக்கத்தில் ஒதுங்கிப் போகும். ஒட்ட வெட்டிவிட்ட புல்லில்தான் மேயும். ‘இருபது நத்தை விட்டேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள். நத்தையிலும் ஆள் பார்த்து எடுக்க வேண்டும். டர்போ பெரிய பசிக்காரன், ஆனால் ஒட்டாமல் வைத்த பவளத்தையெல்லாம் உருட்டித் தள்ளிக்கொண்டு போவான். ட்ரோக்கஸ் கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரேயாவால் பெரும்பாலும் முடியாது, மணலில் மல்லாந்து கிடந்தால் நாம்தான் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். நசாரியஸ் பாசியைத் தொடவே தொடாது, அது மிச்சம்மீதி தின்னும் மணல்வாசி. ‘சுத்தம் செய்யும் படை’ என்று மொத்தமாக விற்கும் பொட்டலங்களில் எது எத்தனை இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. அதோடு, பாசி உச்சத்தில் இருக்கும்போது கணக்குப் போட்டு நத்தை வாங்கினால், பாசி தீர்ந்த மாதம் அவை பட்டினியில் செத்து அழுகி, அடுத்த சுற்றுப் பாசிக்கு உரமாகிவிடும்.

மேய்கிறவர்களின் வாய் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடலே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியது. கரீபியன் கடலில் டயடெமா என்ற நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிதான் பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்தது. 1983 ஜனவரியில் பனாமா அருகே ஏதோ ஒரு நோய் தாக்க ஆரம்பித்து, சுமார் ஓராண்டில் கரீபியன் முழுக்கப் பரவியது. பல இடங்களில் நூறில் தொண்ணூறுக்கு மேல் செத்தன. ஜமைக்காவில் மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் ஆலன் புயல் வேறு பவளத்தை உடைத்துப் போட்டிருந்தது. மேய்வதற்கு மிச்சமிருந்த ஒரே ஆளும் போனதும் பாசி மூடியது. 1970களின் இறுதியில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. காலியான இடமும் மேயாத வாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

தொட்டியில் இந்த வேலைக்கு டக்ஸிடோ வகைச் சிறிய முள்ளெலி நன்றாக உழைக்கும், கோரலைனையும் சேர்த்துச் சுரண்டும் என்பது மட்டும் குறை. மஞ்சள் டேங், ஃபாக்ஸ்ஃபேஸ் மீன்கள் அருமையான மேய்ச்சல்காரர்கள், ஆனால் நீந்த நீளமான இடம் வேண்டும். பாசிக்காகச் சின்னத் தொட்டியில் டேங் வாங்கிவிடுவது மீனுக்குச் செய்யும் அநியாயம்.

சிவப்புப் போர்வையும் பழுப்புச் சளியும்

கருஞ்சிவப்புப் போர்வை பாசியே அல்ல. அது சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உலகத்தின் காற்றில் ஆக்சிஜனை ஏற்றியவர்களின் வம்சம், ஆகவே கொஞ்சம் மரியாதை தரலாம். விரலால் நெருடினால் தோல் உரிவதுபோல் தகடாகப் பெயரும். சில இனங்கள் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவிலிருந்தே தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதனால் நைட்ரேட் பூஜ்யமாகி, பாஸ்பேட் மட்டும் மிஞ்சியிருக்கும் தொட்டி இவற்றுக்கு விருந்து வீடு மாதிரி. சைஃபனில் உறிஞ்சி எடுத்து, அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்பிவிட்டு, நைட்ரேட்டைச் சற்று ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். எரித்ரோமைசின் போட்டால் இரண்டு நாளில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அது நுண்ணுயிர்க்கொல்லி. நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் இருக்கும் இடத்தில் அதைக் கரைப்பதும், கரைத்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் எனக்குச் சம்மதம் இல்லை.

இனி டைனோ. டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரின் பெயரைச் சுருக்கி எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வரவழைப்பது பெரும்பாலும் நாமேதான். நானும் வரவழைத்திருக்கிறேன். முடிப்பாசி மேல் இருந்த கோபத்தில், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை, ஜி.எஃப்.ஓ. என்பார்கள், சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு போட்டேன். மூன்றே வாரத்தில் பச்சை போயிற்று. சோதனையில் இரண்டும் பூஜ்யம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த வாரத்தில் கல்நுனிகளில் பழுப்பாக, மூக்குச்சளி மாதிரி இழைகள் தொங்க ஆரம்பித்தன, ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ். காலையில் விளக்கு எரியும்போது ஒன்றும் இருக்காது. மதியம் ஏறி, சாயங்காலம் உச்சத்தில் நிற்கும். நான்காவது நாள் கண்ணாடியில் இருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்து கிடந்தன. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

நடந்தது இதுதான். சத்து குறைந்ததும் பச்சைப் பாசியும் பட்டினி, பாக்டீரியாவும் பட்டினி. இடம் மறுபடி காலியாகிவிட்டது. டைனோக்களில் பல வகைகள் ஒளியில் தயாரித்தும் தின்னும், வாய்ப்புக் கிடைத்தால் பாக்டீரியாவைப் பிடித்தும் தின்னும், அதனால் மற்றவர்கள் வாடும் பஞ்சத்தில் அவை தாக்குப்பிடிக்கின்றன. சில இனங்கள் நச்சும் சுரக்கும், நத்தைகள் விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற பேரினத்தின் நச்சை லேசாக எண்ண வேண்டாம். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் அது பெருகியபோது, அலைத்தூவலைச் சுவாசித்துச் சுமார் 200 பேர் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. தொட்டியில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், தேய்த்துச் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வந்திருப்பது டைனோவா, டயாட்டமா என்று சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு மூடியுள்ள சின்னக் குப்பியில் எடுத்துப் பலமாகக் குலுக்குங்கள். இழைகள் உடைந்து தண்ணீர் கலங்கும். காபி வடிகட்டும் காகிதத்தில் அதை வடித்து, இறங்கிய நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். தனித்தனிச் செல்களாகக் காகிதத்தைத் தாண்டி வந்த டைனோக்கள் மறுபடி ஒன்றையொன்று தேடிக் கூடி இழையாகியிருக்கும். டயாட்டம் அப்படி ஒன்றுசேராது. மலிவான நுண்ணோக்கி இருந்தால் 400 மடங்கில் ஆளையே பார்த்துவிடலாம். ஒரு முனையில் கட்டிப்போட்டதுபோல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், எள் வடிவத்தில் இருப்பது ஆஸ்ட்ரியாப்சிஸ். மணலிலேயே கிடந்து அங்குமிங்கும் வழுக்கிக்கொண்டு போகும், சற்றுத் தட்டையான வட்ட உடல் ஆம்ஃபிடினியம்.

இந்த அடையாளம் வீண் ஆராய்ச்சி அல்ல, வைத்தியமே இதைப் பொறுத்துத்தான் மாறும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் கல்லை விட்டு நீரில் மிதக்கும். அதனால் தொட்டி நீரை நேரடியாக இழுத்துத் திருப்பி விடும்படி வைத்த, நுண்ணுயிர்களைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கில் மாட்டிக்கொள்ளும். பெரிய செல் கொண்ட ஆம்ஃபிடினியம் மணலை விட்டு நகராது, யு.வி. அதை ஒன்றும் செய்யாது. அதற்குச் சிலர் வேண்டுமென்றே சிலிக்கேட் ஊற்றி, ஆரம்பத்தில் திட்டித் தீர்த்த அதே டயாட்டத்தை வளர்த்து மணலைப் பிடிக்க வைக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்திலிருந்து மேலே தூக்குவது. நான் ஜி.எஃப்.ஓ.வை எடுத்துவிட்டு, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.08 என்ற அளவுக்குக் கொண்டுவந்தேன். நன்றாக நடக்கும் ஒரு தொட்டியிலிருந்து நண்பர் கொடுத்த கைப்பிடி கல்லையும் மணலையும் சேர்த்தேன். ஏழு வாரம் பிடித்தது. முதலில் திரும்பி வந்தது பச்சைப் பாசி. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நாம் காப்பாற்றத் துடிக்கும் பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவதும் டைனோஃபிளாஜெல்லேட்தான், வேறு குடும்பம், அவ்வளவே. அவற்றுக்கும் சத்து வேண்டும். நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால் பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் வெளுத்துவிடுகிறது என்று சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

இந்த இடத்தில் ரெட்ஃபீல்டு விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கடல் மிதவை உயிர்களில் கண்ட கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் 106:16:1. இதைப் பிடித்துக்கொண்டு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பிபிஎம்மில் 16க்கு 1 என்று இருக்க வேண்டும் எனப் பலர் மெனக்கெடுகிறார்கள். முதலில், அது அணுக்களின் எண்ணிக்கை விகிதம். எடையில் மாற்றினால் ஏறத்தாழ 10க்கு 1 வரும். இரண்டாவது, அது மிதவை உயிர்களுக்கானது. கல்லில் ஒட்டி வளரும் கடல் தாவரங்களை அளந்தபோது கிடைத்த நடு அளவு 550:30:1. அதாவது கல்பாசிக்கு மிகக் குறைந்த பாஸ்பரஸே போதும். விகிதத்தைச் சரிசெய்து பாசியை விரட்டலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டும் பூஜ்யமாகாமலும் அளவுமீறாமலும் இருந்தால் சரி.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரையாப்சிஸ் பார்வைக்கு முடிப்பாசி மாதிரி இருக்கும், கிட்டத்தில் பார்த்தால் சின்னஞ்சிறு இறகு. நத்தைகள் இதைச் சீண்டாது. மனிதர்களுக்குத் தரும் பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் இதற்கு நன்றாகவே வேலை செய்கிறது, மருந்து போடலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இது. குமிழ்ப்பாசியான வலோனியாவில் ஒவ்வொரு குமிழும் ஒரே செல். உடையாமல் அடியோடு நெம்பி எடுப்பது நல்லது. மரகத நண்டு சில சமயம் தின்னும், சில சமயம் வேடிக்கை பார்க்கும்.

விளக்கைப் பற்றியும் நிறைய நம்பிக்கைகள் உலாவுகின்றன. வெள்ளை ஒளியைக் குறைத்து நீலத்தை மட்டும் எரித்தால் பாசி குறையும் என்கிறார்கள். பச்சையம் நீலத்தையும் நன்றாகவே உறிஞ்சும். நீல வெளிச்சத்தில் பாசி நம் கண்ணுக்குத் தெரிவதுதான் குறைகிறது! பவளமே இல்லாத முதல் மாதங்களில் பன்னிரண்டு மணி நேரம் முழு வெளிச்சம் யாருக்காக எரிகிறது என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். சிலர் கல்லை உப்புநீரும் நீரோட்டமும் உள்ள இருட்டுத் தொட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து, பாக்டீரியா இடம்பிடித்த பிறகே விளக்குப் போடுகிறார்கள். பொறுமை இருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. வந்துவிட்ட பாசிக்கு மூன்று நாள் இருட்டடிப்பு செய்வது வேறு விஷயம். ஆள் இளைப்பான், ஆனால் இடம் காலியாகவே இருந்தால் திரும்பி வருவான்.

பாசியைப் பாசியாலேயே எதிர்ப்பது பழைய உத்தி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஆடி, 1980களிலேயே ஒரு சல்லடைமேல் நீரை ஓடவிட்டு, பலத்த வெளிச்சத்தில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, வாராவாரம் சுரண்டி எறியும் ஏற்பாட்டைப் பிரபலமாக்கினார். இன்று பலர், தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்புக்குள் கீட்டோமார்ஃபா என்ற கம்பிச்சுருள் போன்ற பாசியை இரவு விளக்கில் வளர்க்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் புதுத் தொட்டியில் அது தொடக்கத்தில் தடுமாறும். கல்லிலிருக்கும் முடிப்பாசி முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுவதால் கீட்டோ வெளிறிப்போவதைப் பார்க்கலாம். முதலில் பிரஷ், அப்புறம்தான் கீட்டோ.

எப்போது மாற்றம் வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் சோதனைக் குப்பியைவிட முன்கண்ணாடியைத்தான் பார்க்கிறேன். ஆரம்ப மாதங்களில் தினமும் துடைத்தாலும் மறுநாள் மங்கியிருக்கும். அது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போக ஆரம்பித்தால், பாசிக்குப் போட்டியாக வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தேதியைக் காந்தத் துடைப்பானின் மேலேயே ஒட்டிய துண்டுத் தாளில் குறித்து வைப்பேன். கிட்டத்தட்ட அதே சமயத்தில், பம்பின் பிளாஸ்டிக் உறையிலோ பின்கண்ணாடியின் நிழலான கீழ்மூலையிலோ, குண்டூசித் தலை அளவில் ஊதாப் புள்ளிகள் தோன்றும். முதலில் அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்ப்போம், வராது. சுண்ணாம்பைப் படிய வைத்துக் கல்லோடு கல்லாகும் கோரலைன் அது. கால்சியம் 420 பிபிஎம், காரத்தன்மை அதை அளக்கும் டிகேஎச் அலகில் 8 என்ற அளவில் நிலையாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் மெல்ல விரிந்து காசு அளவாகும், பக்கத்துப் புள்ளியோடு சேரும். என் தொட்டியில் முதல் புள்ளி தெரிந்தது ஐந்தாவது மாதம், வலப்பக்கப் பம்பின் அடியில். இப்போது அந்தப் பம்பின் நிறமே தெரியவில்லை, வருடத்துக்கு இரண்டு முறை வினிகரில் ஊறப்போட்டுத்தான் அதைச் சுழல வைக்க வேண்டியிருக்கிறது.